நான்காம் கட்டிலின் இதயம்

முதலில் கை. யார் வந்தாலும் கையிலிருந்துதான் தொடங்குவார்கள்.

மூன்றாம் எண் அட்டை குத்திய பையன் ஈனெலெஸின் நகங்களைப் பார்த்தான். விரல் நுனிகளை அழுத்திவிட்டான். மணிக்கட்டில் நாடி பிடித்துப் பதினைந்து நொடி எண்ணினான். நாலால் பெருக்கும்போது அவன் உதடு அசைந்தது. அடுத்து மற்ற மணிக்கட்டு, கழுத்து நரம்பு, கீழிமை, நாக்கு. அதற்கப்புறம்தான் மார்பு. அவளுக்கு இந்த வரிசை தேவாலயப் பாட்டு மாதிரி மனப்பாடம். எந்த மாணவன் எதை விட்டுவிட்டான் என்பது தேர்வாளர்களுக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும்.

நாமிகாண்டோ மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் படித்து மருத்துவ அலுவலராகப் போகிறவர்களுக்கு ஜூன் மாதம் இறுதித் தேர்வு. வார்டில் எட்டுக் கட்டில். கட்டிலுக்கு ஒரு நோயாளி. பத்து நிமிடத்துக்கு ஒரு மணி. மணி அடித்தால் மாணவர்கள் அடுத்த கட்டிலுக்கு நகர வேண்டும். நான்காம் கட்டிலில் இதயம். ஈனெலெஸ் நான்கு வருடமாக நான்காம் கட்டில்.

சின்ன வயதில் தொண்டை வலியோடு வந்த ஒரு காய்ச்சல், போகும்போது அவள் இதயத்தின் கதவு ஒன்றை இறுக்கிவிட்டுப் போயிருந்தது. அந்த இடுக்கு வழியாக ரத்தம் நுழையும்போது ஒரு சத்தம் வரும்; முரல் என்பார்கள். தேர்வுக்கு நல்ல சத்தம். இடது பக்கம் திருப்பிப் படுக்கவைத்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி, ஸ்டெதஸ்கோப் குழாயின் சின்ன வாயை மார்பு நுனியில், இதயம் தட்டும் இடத்தில், லேசாக வைத்தால் கேட்கும். தூரத்து மண் சாலையில் லாரி போகிற மாதிரி இருக்கும் என்று ஒரு மாணவி சொல்லியிருக்கிறாள். ஈனெலெஸ் அதைக் கேட்டதில்லை.

தேர்வில் ஒரு விதி உண்டு. மாணவன் இழு, விடு, திரும்பு என்று சொல்லலாம். வேறெதுவும் கேட்கக் கூடாது. நோயாளி வாய் திறக்கக் கூடாது. உடம்பு மட்டும்தான் பேச வேண்டும். மற்ற வருடங்களில் இந்த விதி அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இந்த வருடம் அந்த விதியை நம்பித்தான் வந்திருந்தாள்.

இடுப்புக்கு மேலே தூக்கிக் கட்டிய சித்தெஞ்சேத் துணிக்குள், வயிற்றில், ஐந்து மாதக் குழந்தை இருந்தது.

மூத்தவன் யமிக்கானி பிறந்தபோது அவள் செத்துப் பிழைத்தாள். அன்றைக்கு டாக்டர் மக்வின்ஜா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல், "இன்னொண்ணு வேணாம். வந்தா நீங்க இருக்க மாட்டீங்க" என்றார். அதை அவள் நம்பவும் செய்தாள். ஏழு வருடம் அதன்படியே இருந்தாள். ஆனால் அவள் தன் அம்மாவுக்கு ஒரே மகள். தாய்மாமன் மழைக்காலம் தவறாமல் வந்து அதையேதான் சொல்வார்: "யமிக்கானி தங்கமான பையன். ஆனா பெரியவனானா நம்ம வழக்கப்படி எவளோ ஒருத்தி ஊருக்குப் போய் வீடு கட்டுவான். நம்ம வாசல்ல யாரு இருப்பா? உங்கம்மா பேரைச் சொல்ல ஒரு பொண்ணு வேணாமா?" அவர் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். அவர் கெஞ்சினார்.

ஆறு மாதம் தாண்டிவிட்டால் யாரும் கருவை எடுக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருந்தாள். இன்னும் நாலு வாரம். தேர்வுக்கு வராமல் இருந்தால் என்ன ஆயிற்றோ என்று ஆஸ்பத்திரி மோட்டார் சைக்கிள் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். அதனால் வந்தாள்.

காலையில் சிஸ்டர் நமகோனியா அவளுடைய மருத்துவப் புத்தகத்தைப் புரட்டினாள்.

"என்ன யமிக்கானி அம்மா, மார்ச்சுக்கு அப்புறம் வெறும் தாளா இருக்கு? அந்தக் காய்ச்சல் திரும்பாம இருக்க மாச ஊசி போடலையா?"

"எங்க ஊர் சென்டர்லயே போட்டேன் சிஸ்டர். எழுத விட்டுப்போச்சு."

பாதி உண்மை. ஊசி போட்டிருந்தாள்; எழுதியும் இருந்தார்கள். வேறொரு புத்தகத்தில். மளிகைக் கடையில் வாங்கிய புதுப் புத்தகம், வீட்டில் மக்காச்சோள மூட்டைக்கு அடியில் இருந்தது. அதில் ஈனெலெஸ் என்பவள் நோயே இல்லாத கர்ப்பிணி. ஊசியைக் கூட மூட்டு வலிக்கு என்று சொல்லி வாங்கியிருந்தாள். இதயத்துக்காக அவள் தினமும் விழுங்க வேண்டிய, நீர் போக்கும் மாத்திரையைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. அது பிள்ளையின் தண்ணீரையும் வற்றவைத்துவிடும் என்று யாரோ சொன்னதிலிருந்து அவள் அதை விழுங்குவதில்லை.

"உன் முகம் என்ன, ஊதிப்போய் இருக்கு?" என்றார் ஐந்தாம் கட்டில் சிபோஜோலா. பெருத்த மண்ணீரல்காரர். தேயிலைத் தோட்டத்தில் காவலாளியாக இருந்தவர்.

"குளிருங்க."

"குளிருக்குச் சுருங்கும்மா. ஊதாது."

"நீங்க உங்க மண்ணீரலைப் பாத்துக்குங்க."

"அதைப் பாக்கத்தான் எட்டு வருஷமா ஊரே வருதே! இதைத் தடவித் தடவி எத்தனை பேர் வேலைக்குப் போயிட்டாங்க. ஒருத்தன், ஒரே ஒருத்தன் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருப்பானா?"

டாக்டர் மக்வின்ஜா அவசரமாக உள்ளே வந்தார். வெளியே சிப்பெரோனி, ஜூன் மாதக் குளிர்த் தூறல். கோட்டில் நீர் முத்துகள். லுசாக்காவிலிருந்து வர வேண்டிய வெளித் தேர்வாளர் டாக்டர் இலுக்கேனாவின் பேருந்து மூடுபனியில் மாட்டி ஒன்றரை மணி நேரம் தாமதம். வழக்கமாகத் தேர்வு தொடங்குமுன் இரண்டு தேர்வாளர்களும் ஒவ்வொரு நோயாளியையும் தாங்களே பார்த்துக் குறித்துக்கொள்வார்கள்.

"நம்ம இதயம் வந்தாச்சா?" என்று சிரித்தார். "வந்தாச்சு. எல்லாம் நம்ம பழைய ஆளுங்கதானே சிஸ்டர். மார்ச்ல பாத்து எழுதின தாளையே மேல வைங்க. இப்பவே மணி பத்து."

தாளை மேலே வைத்தார்கள். நாடி சீர். நுரையீரல் சுத்தம். கணுக்கால் வீக்கம் இல்லை.

மூன்றாம் எண் பையன் அவளை இடது பக்கம் திருப்பினான். திருப்பியவுடன் மூச்சு தொண்டையில் நின்றது. அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டாள். பையனின் குழாய் தப்பான இடத்தில் தேடியது. பாவம், காது மடல் வியர்த்திருந்தது. அவள் தன் ஆள்காட்டி விரலை மார்பு நுனிக்கு அருகே வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். குழாய் அங்கே நகர்ந்தது. பையன் முகம் தெளிந்தது.

இது அவள் வழக்கம். திணறுகிறவர்களுக்கு மட்டும் ஒரு தட்டு. விதியில் வாய் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தது.

ஆனால் அவனுக்கு அப்புறம் அந்தத் தட்டுக்கே அவசியமில்லை. நாலாவதாக வந்தவளும் ஐந்தாவதாக வந்தவனும் கையைத் தொடும்போதே விடை தெரிந்த முகத்தோடு இருந்தார்கள். தாழ்வாரத்தில் செய்தி ஓடியிருந்தது: நான்காம் கட்டில், பழைய அக்கா, இறுகிய கதவு, நாடி சீர். பதினைந்து நொடி எண்ணினார்கள். சீர் என்றார்கள். மக்வின்ஜா தாளைப் பார்த்துத் தலையாட்டினார். இலுக்கேனா கட்டில் கால்மாட்டில் நின்று தன் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். நெட்டையான பெண்மணி, வந்த களைப்பு இன்னும் கண்ணில் இருந்தது.

ஒவ்வொருவரும் தலையணையை இறக்கினார்கள். ஒவ்வொருவரும் திருப்பினார்கள். ஆறாவது ஆள் மூச்சை விட்டு நிறுத்தச் சொன்னபோது அவளுக்கு நிறுத்த மூச்சே இல்லை. இருமல் வந்தது. அதை விழுங்கினாள். மார்புக்குள் ஏதோ தடதடத்து, நின்று, மறுபடி ஓடியது. வயிற்றில் குழந்தை புரண்டது. நாலு வாரம், என்று அதனிடம் சொல்லிக்கொண்டாள்.

மணி அடித்தது.

"பதினேழு" என்றாள் சிஸ்டர், குலுக்கல் சீட்டைப் பார்த்து. ஏழாவது ஆள்.

பதினேழாம் எண் மெதுவாக வந்தது. மற்றவர்களைவிட வயதில் மூத்தவன். அங்கி துவைத்துத் துவைத்து மெலிந்திருந்தது. போன வருடம் அடுத்த வார்டில் தேர்வு எழுதித் தோற்றவன். சிஸ்டரும் சிபோஜோலாவும் காலையில் பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்திருந்தது. வடக்கத்திக்காரன். தாழ்வாரத்தில் அவனோடு யாரும் பேசவில்லை போலிருந்தது. அவன் முகத்தில் விடை இல்லை.

"வணக்கம்மா. கை சில்லுன்னு இருக்கும், மன்னிச்சுக்குங்க" என்றான். கைகளைத் தன் அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டான். மக்வின்ஜா கடிகாரத்தைப் பார்த்தார்.

பிறகு கட்டிலின் கால்மாட்டில் நின்று அவளைச் சும்மா பார்த்தான். நெடுநேரம். தொடாமல் பார்ப்பதும் வரிசையில் உண்டு. முதல் வரியே அதுதான். மற்ற ஆறு பேரும் அதை ஒரு நொடியில் முடித்துவிட்டார்கள். இவன் அவளுடைய கழுத்துக் குழி உள்வாங்குவதைப் பார்த்தான். உதட்டைப் பார்த்தான். தலையணையை அவள் முழங்கையால் அழுத்திப் பிடித்திருப்பதைப் பார்த்தான்.

நகம். விரல் நுனி. நாடி. பதினைந்து நொடி போயிற்று, அவன் விடவில்லை. முப்பது. ஒரு முழு நிமிடம் எண்ணினான். பிறகு குழாயை மார்பில் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்து இன்னொரு முழு நிமிடம். இரண்டுக்கும் நடுவில் அவன் புருவம் சுருங்கியது.

தலையணையை அவன் இறக்கவில்லை. ஓரத்தில் கிடந்த இன்னொன்றையும் எடுத்து அவள் முதுகுக்குக் கொடுத்தான். கழுத்து நரம்பு காது மடல் வரை நிரம்பியிருந்ததை விளக்கை நகர்த்திப் பார்த்தான். மார்பில் உள்ளங்கையை வைத்தான். தொடை நாடியைப் பார்க்க வேண்டிய இடம் வந்ததும், பெண் நோயாளிகளிடம் எல்லோரும் செய்வது போல, "பார்ப்பேன்" என்று வாயால் சொல்லிவிட்டு மேலே போனான். முன்னால் சாயவைத்து முதுகின் அடியில் கேட்டான். இரண்டு பக்கமும். திரும்பத் திரும்ப.

அவளுக்கு அவன்மேல் இரக்கமாக வந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது, இன்னும் இடது பக்கம் திருப்பவில்லை. அந்தச் சத்தத்தைச் சொல்லாமல் யாரும் பாஸானதில்லை. அவள் விரலால் மார்பு நுனியில் தட்டினாள். அவன் பார்த்தான். மறுபடி தட்டினாள். இடது பக்கம் சாய்வது போலத் தோளையும் அசைத்துக் காட்டினாள்.

அவன் மெல்லத் தலையை ஆட்டினான். வேண்டாம் என்று.

கணுக்காலை அழுத்தினான். குழி விழுந்தது, மேலே வரவில்லை. கடைசியாக, "கல்லீரல் பாக்கணும்மா" என்று வலது விலா எலும்புக்குக் கீழே கையைக் கொண்டு வந்தான். மற்ற ஆறு பேரும் வயிறு வேறு கட்டில் என்று விட்டுவிட்ட இடம். அவள் சித்தெஞ்சேயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அவன் கை அந்தரத்தில் நின்றது. அவள் கண்ணைப் பார்த்தான். பிறகு அவள் பிடித்திருந்த துணியை, அது கட்டப்பட்டிருந்த உயரத்தை. கையை எடுத்துக்கொண்டான். துணியின் விளிம்பைக் கொஞ்சம் இழுத்து ஒழுங்காக மூடிவிட்டான்.

"முடிஞ்சுது சார்."

"சொல்லுங்க" என்றார் மக்வின்ஜா.

"நாடி நிமிஷத்துக்கு நூத்தி நாலு. மார்புல கேட்டா நூத்தி இருபத்தெட்டு. இருபத்தி நாலு துடிப்பு கைக்கு வரவே இல்ல. ஒழுங்கும் இல்ல."

மக்வின்ஜா தாளைப் பார்த்தார். "ஒழுங்கு இல்லையா?"

"இல்ல சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்களுக்கு முன்னாடி ஆறு பேர் பாத்திருக்காங்க."

"அவங்க என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாது சார். இது ஒழுங்கா இல்ல. கழுத்து நரம்பு நிரம்பியிருக்கு. ரெண்டு நுரையீரல் அடியிலயும் தண்ணி. கால் வீங்கியிருக்கு."

"இடது பக்கம் திருப்பிக் கேட்டீங்களா?"

"இல்ல சார்."

"மறந்துட்டீங்க."

"மறக்கல. அவங்களால படுக்க முடியாது."

"காலையிலேருந்து ஆறு தடவை படுத்தாங்களே!"

"அதனாலதான் சார் இப்ப முடியல."

இலுக்கேனா எழுதுவதை நிறுத்தினார்.

மக்வின்ஜாவின் குரல் கொஞ்சம் இறுகியது. "சரி, முரல் சத்தம்? எந்தக் கதவுன்னு எப்படிச் சொல்வீங்க?"

"இதயத்தோட முதல் சத்தம் பலமா இருக்கு. மார்பு நுனியில விரலைத் தட்டுது. இடப்பக்கக் கதவு இறுகியிருக்கும்னு நினைக்கிறேன். முரல் எனக்குக் கேட்கல. இந்த வேகத்துல எனக்குக் கேட்காது."

"கேட்காதுன்னு மார்க் போட முடியுமா தம்பி?"

"போன வருஷம் கேட்காததைக் கேட்டேன்னு சொன்னேன் சார். வெளியில யாரோ சொன்னதை வெச்சு. அன்னிக்கு நோயாளியை மாத்தியிருந்தீங்க." குழாயைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். "இந்தத் தடவை கேட்டதை மட்டும் சொல்றேன்."

சிபோஜோலா தன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"நல்லா இருந்த நோயாளி திடீர்னு ஏன் இப்படி ஆகணும்? காரணம் சொல்லுங்க."

"கேட்டாத்தான் தெரியும். கேட்க அனுமதி இல்ல."

"ஊகமா சொல்லுங்க. அதுக்கும் மார்க் இருக்கு."

ஈனெலெஸ் துணியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்கும் தெரியும். ஒரு வார்த்தை. அதற்கு மார்க் இருக்கிறது.

அவன் அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான். "அவங்ககிட்ட கேட்காம அதை நான் சொல்ல மாட்டேன் சார்."

"வேற ஏதாவது?"

"நானா இருந்தா இந்தக் கட்டில்ல தேர்வை நிறுத்துவேன்."

மணி அடித்தது. "நன்றி" என்றார் மக்வின்ஜா. பதினேழாம் எண் அவளுக்குத் தலை வணங்கிவிட்டு ஐந்தாம் கட்டிலுக்குப் போகத் திரும்பியது.

மக்வின்ஜா எழுதினார். தாள் அவளுக்குத் தலைகீழாகத் தெரிந்தது. இடது பக்கம் திருப்புதல், பூஜ்யம். முரல், பூஜ்யம். பூஜ்யம் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பூஜ்யம்தான்.

திரைக்கு அந்தப் பக்கம் அடுத்த ஆளின் செருப்புச் சத்தம் கேட்டது. இன்னொரு முறை தலையணை இறங்கும். இன்னொரு முறை இடது பக்கம். அந்தப் பக்கம் திரும்பினால் இந்த முறை மூச்சு திரும்பி வராது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பயமாகக்கூட இல்லை. நாளைக்கு மழை என்று தெரிவது போலத் தெரிந்தது. அவள் போனால் உள்ளே இருப்பதும் போகும். நாலு வாரக் கணக்கில் இதை அவள் சேர்த்திருக்கவில்லை.

"டாக்டர்."

"பேசக் கூடாதும்மா. உங்களுக்குத் தெரியாததா?"

"அந்தத் தம்பி சொன்னது சரி."

மக்வின்ஜா நிமிர்ந்தார்.

"மூணு வாரமா படுக்க முடியல. உக்காந்துதான் தூங்கறேன். மாத்திரையை நிறுத்திட்டேன்." வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது. சித்தெஞ்சே முடிச்சை அவிழ்த்துக் கீழே இறக்கினாள். "அஞ்சு மாசம். அது அந்தத் தம்பிக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா சொல்லல. அதுக்கு மார்க் குடுங்க."

இலுக்கேனாதான் முதலில் நகர்ந்தார். பலகையைக் கட்டிலில் எறிந்துவிட்டுத் தன் குழாயைக் காதில் மாட்டி அவள் முதுகில் வைத்தார். லுசாக்காப் பேச்சில் ஏதோ சொன்னார், பாதி புரிந்தது. ஆக்ஸிஜன் என்பது புரிந்தது.

"சிஸ்டர், நீர் போக்கற ஊசி. நரம்புல. இப்பவே!" என்றார் மக்வின்ஜா. ஆக்ஸிஜன் எந்திரத்தை அவரே உருட்டிக்கொண்டு வந்தார்.

சிபோஜோலா சத்தமாகவே சொன்னார்: "குளிராம் குளிரு. நான் காலையிலயே சொன்னேன். மண்ணீரல்காரன் பேச்சை யார் கேக்கறா?"

அரை மணி நேரத்தில் ஊசி வேலை செய்தது. மார்பின் மேல் உட்கார்ந்திருந்தது எழுந்து போனது போல இருந்தது. மக்வின்ஜா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா எடுத்திருப்பீங்க."

"எடுக்கச் சொல்லியிருப்பேன்" என்றார்.

"இப்ப?"

"இப்ப எடுத்தாலும் ஆபத்து, விட்டாலும் ஆபத்து. ரெண்டுல எது குறைச்சல்னு உங்களைக் கேட்காம நான் முடிவு பண்ண மாட்டேன். ஆனா விட்டா, பிரசவம் வரைக்கும் இந்த ஆஸ்பத்திரியை விட்டு நகரக் கூடாது. மாத்திரை ஒண்ணுகூடத் தவறக் கூடாது. அப்படியும் என்னால சத்தியம் பண்ண முடியாது."

"இருக்கட்டும் டாக்டர்."

"எது இருக்கட்டும்? சத்தியமா, பிள்ளையா?"

"பிள்ளை."

இலுக்கேனா நின்றபடியே கேட்டார்: "அப்போ சீரா இருக்குன்னு சொன்ன அந்த ஆறு பேரை என்ன பண்றது, டாக்டர்?"

"நாளைக்கு வேற நோயாளியை வெச்சு மறுபடி எழுதட்டும்."

"அவங்களைத் திட்டாதீங்க" என்றாள் ஈனெலெஸ். "ஒரு பையனுக்கு நான்தான் விரலால தட்டிக் காட்டினேன்."

"என்னது?"

"வருஷா வருஷம் தட்டுவேன்."

இலுக்கேனா வாய்விட்டுச் சிரித்துவிட்டு, உடனே முகத்தை மாற்றிக்கொண்டார். "தாளைப் பாத்துத் தலையாட்டினது நாமதான்" என்றார். "காலையில நாமளும் ஒரு தடவை கையைப் பிடிச்சிருக்கலாம்." மக்வின்ஜா பேனாவை எடுத்தார். நான்காம் கட்டிலின் தாள்களை மொத்தமாக எடுத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டார். பதினேழாம் எண்ணின் தாளை மட்டும் தனியே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அவன் பெயர் கொமெஸ்கானி என்று மறுநாள் தெரிந்தது. முடிவு இன்னும் வரவில்லை. வரும்வரை வார்டில் வேலை பார்க்கச் சொல்லியிருந்தார்கள். காலையும் மாலையும் அவனும் சிஸ்டரும் அவள் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நிற்பார்கள். சிஸ்டரின் குழாய் மார்பில். அவன் விரல் மணிக்கட்டில். நடுவில் ஒரே கடிகாரம். சிஸ்டர் தலையசைத்ததும் இருவரும் சேர்ந்து எண்ணத் தொடங்குவார்கள். முதல் நாள் நூற்றி இருபது, நூறு. அடுத்த நாள் நூற்றி ஆறு, தொண்ணூற்றி நாலு.

"மிச்சம் எங்க போகுது தம்பி?" என்று கேட்டாள்.

"எங்கயும் போகலக்கா. இதயம் நிரம்பறதுக்குள்ளயே துடிச்சுடுது. வெறும் துடிப்பு. கைக்கு வந்துசேர அதுல ஒண்ணும் இருக்காது."

"பிள்ளைக்கு?"

"பிள்ளைக்கும்தான். அதான் எண்ணிக்கிட்டே இருக்கோம்."

மூன்றாம் நாள் பிற்பகல் கணவன் வைசனும் தாய்மாமனும் வந்தார்கள். யமிக்கானிக்குப் பள்ளிக்கூடம். வைசன் போர்வையை மடித்துக் கால்மாட்டில் வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அதையே மறுபடி மடித்தான். மருத்துவர் ஏழு வருடத்துக்கு முன்பு சொன்னதை அவள் அவனிடம் சொன்னதே இல்லை. இரண்டு நாளைக்கு முன் சிஸ்டர் போனில் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா…" என்று தொடங்கினான். அவள் காலைப் பிடித்துப் பார்த்தான். வீக்கம் வடிந்திருந்தது.

தாய்மாமன் மக்காச்சோளக் கஞ்சி நிரப்பிய பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நெடுநேரம் கழித்துச் சிஸ்டரைக் கேட்டார்: "பொண்ணாம்மா?"

"முதல்ல இந்தப் பொண்ணு பிழைக்குமான்னு கேளுங்க மாமா" என்றாள் சிஸ்டர் நமகோனியா. கோபமாகச் சொல்லவில்லை. மருந்து எழுதியபடியே சொன்னாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பாட்டில் மூடியைத் திறந்தார், மூடினார்.

"நான் கேட்டுக்கிட்டே இருந்தேன்" என்றார் கடைசியில், ஈனெலெஸைப் பார்க்காமல். "ஒவ்வொரு வருஷமும். நீ ஒரு தடவை, முடியாது மாமான்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"எனக்கும் வேணும்னு இருந்துது மாமா."

அவர் பாட்டிலை அவள் கைக்கெட்டும் இடத்தில் வைத்தார்.

கொமெஸ்கானி வந்தான். பார்வையாளர்கள் எழுந்து தள்ளி நிற்க வேண்டிய நேரம். அவன் கைகளை அக்குளில் வைத்துச் சூடாக்கினான். சிஸ்டர் குழாயை மாட்டினாள். தாய்மாமன் பெஞ்சிலிருந்து எழுந்து, மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

ஒரு நிமிடம். வெளியே தூறல். ஐந்தாம் கட்டில் காலியாக இருந்தது. சிபோஜோலா முந்தாநாளே ஊருக்குப் போய்விட்டார்.

"தொண்ணூத்தி ரெண்டு" என்றாள் சிஸ்டர்.

"எண்பத்தெட்டு" என்றான் கொமெஸ்கானி.

"நல்லதா கெட்டதா?" என்றார் தாய்மாமன்.

"நேத்தைவிட நல்லது. ரெண்டும் ஒண்ணாகணும்."

"இன்னும் நாலு."

"ஆமா மாமா. இன்னும் நாலு."

அவர் தொப்பியைப் போட்டுக்கொள்ளவில்லை. பெஞ்சில் திரும்ப உட்கார்ந்தார். "அடுத்தது எப்போ எண்ணுவீங்க?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு."

"கடைசி பஸ் அஞ்சரைக்கு" என்றான் வைசன்.

"நீ போ. பையன் தனியா இருப்பான்" என்றார் அவர். "நான் இருந்து கேட்டுட்டு வரேன்."